சிவப்பு நூல் கட்டிய வயர்

குலசேகரம் ரோட்டில் கனகபாய் ஒர்க்‌ஷாப்புக்கு அடுத்த பஞ்சர் கடை என்னுடையது. என் பெயர் செய்யது, எல்லோருக்கும் பாய். நடுவில் சுவர் கிடையாது, ஒரு தகரம்தான். அந்தப் பக்கம் யாராவது தும்மினால் இந்தப் பக்கத்திலிருந்து, "என்ன, ஜலதோஷமா?" என்று கேட்பேன். அதனால் நடந்ததெல்லாம் எனக்குத் தெரியும். பாதி நேரம் நானே கூட இருந்தேன்.

கனகபாய் பெண்பிள்ளை, வயது முப்பத்தெட்டு. எங்கள் பக்கம் தொழில் சொல்லித் தருகிறவர் ஆணோ பெண்ணோ, ஆசான்தான். அவரிடம் கற்றுக்கொள்ள வந்த சுயம்புலிங்கத்துக்கு ஐம்பத்தொன்று. மஸ்கட்டில் இருபது வருஷம் புதுக் கார்களைக் கம்ப்யூட்டர் மாட்டிப் பார்த்தவர். பழைய வண்டியில் கம்ப்யூட்டரை எங்கே மாட்டுவது? அதனால்தான் இங்கே வந்து சேர்ந்தார். சுயம்பு அவரை ஆசானே என்பார். கனகபாய் இவரை அண்ணாச்சி என்பார். முதல் மாதம் எனக்குச் சிரிப்பாக இருந்தது. அப்புறம் பழகிவிட்டது.

அன்றைக்குக் காலையில் ஜெபமணி முதலாளியின் பழைய பெட்ரோல் பிக்கப்பைக் கயிறு கட்டி இழுத்துக்கொண்டு வந்து போட்டார்கள். அதைப் பார்த்ததும் சுயம்புவின் முகம் செத்துப்போயிற்று.

"மறுபடியுமா?" என்றார்.

"மறுபடியும்தான். ஏத்தத்துல போய்க்கிட்டே இருந்தது, பொட்டுனு நின்னுட்டு" என்றார் புது டிரைவர். சாவியை மேசையில் வைத்துவிட்டுத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டார்.

சுயம்பு ஏன் அப்படி இடிந்துபோனார் என்பதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அந்த வண்டியை இருபத்திரண்டு வருஷமாக ஓட்டியவர் யேசடிமை. எஸ்டேட்டுக்கு உரம் ஏற்றிக்கொண்டு போவார், இறங்கும்போது ரப்பர் ஷீட் கொண்டுவருவார். இந்தச் சித்திரையில் வண்டி மலையில் நிற்க ஆரம்பித்தது. செல்ஃப் அடித்தால் என்ஜின் சுற்றும், பிடிக்காது. சுயம்பு போய், பிளக்குக்குக் கரண்ட் ஏற்றித் தருகிற காயிலை மாற்றினார். வண்டி ஓடியது. பத்து நாளில் மறுபடி நின்றது. கண்டன்சரை மாற்றினார். ஓடியது. மறுபடி நின்றது. பாயிண்ட், பிறகு பிளக். ஒவ்வொரு தடவையும் மாற்றி முடித்ததும் வண்டி ஜோராக ஓடும். சுயம்பு கையைத் துடைத்துக்கொண்டு, "இதுதான் பாய் குறை" என்று என்னிடம் சொல்வார். நாலு தடவை நாலு இதுதான்!

வைகாசியில் ஒரு நாள் வளைவில் நின்ற வண்டி பின்னால் உருண்டு கைப்பிடிச் சுவரில் இடித்தது. சுவருக்கு அப்பால் அறுபதடிப் பள்ளம். யேசடிமை நடுங்கிக்கொண்டு வந்தார். "நான் அணைக்கல முதலாளி. அதுவா அணைஞ்சுது" என்று சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தார்.

ஜெபமணி முதலாளி நேராக ஒர்க்‌ஷாப்புக்கு வந்தார். ஆசான் அப்போது தூத்துக்குடியில் தங்கச்சி வீட்டுக் கல்யாணத்துக்குப் போயிருந்தார். முதலாளி சுயம்புவிடம்தான் கேட்டார்.

"சொல்லுங்க. வண்டியா, டிரைவரா?"

சுயம்பு வண்டியை ஓட்டிப் பார்த்தார். ஒரு குறையும் இல்லை. "வண்டி சுத்தமா இருக்கு முதலாளி. டிரைவருக்குக் கால் சரியில்ல. கிளச்சை மிதிக்க வேண்டிய நேரத்துல மிதிக்கல, அதான் அணையுது" என்றார்.

அவ்வளவுதான். யேசடிமையிடமிருந்து சாவியை வாங்கிவிட்டார்கள். மறுநாளே மழை பிடித்துக்கொண்டது. புது டிரைவர் வந்தார். மூன்று வாரம் மழையோடு மழையாக வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. முதல் வாரத்திலேயே ஊர் முடிவு கட்டிவிட்டது. நானும்தான். அந்த வாரம் கடைப்பக்கம் வந்த யேசடிமையிடம், "என்ன மச்சான், எந்தக் கால் எதுல இருக்குன்னு மறந்துட்டியா?" என்று கேலி பேசினேன். என் நாக்கை அறுக்க வேண்டும்.

ஊரிலிருந்து திரும்பிய ஆசான் ஒன்றே ஒன்றுதான் கேட்டார்.

"எதைப் பாத்துக் காலுன்னு சொன்னீங்க அண்ணாச்சி?"

"மத்ததெல்லாம் மாத்தியாச்சு ஆசானே. மிச்சம் அவருதான இருந்தாரு?"

ஆசான் அத்தோடு விட்டுவிட்டார். வண்டிதான் ஓடிக்கொண்டிருந்ததே.

இப்போது மழை விட்டு நாலு நாள் வெயில். வண்டி கயிற்றில் வந்து நிற்கிறது, ஓட்டினவர் யேசடிமை இல்லை. சுயம்பு பானெட்டைத் திறந்தார். செல்ஃப் அடித்தார். ஒரே அடியில் பிடித்தது! நல்ல பிள்ளையாக உறுமிக்கொண்டு நின்றது.

"ஆசானே, எனக்குப் பைத்தியம் பிடிச்சுரும் போலிருக்கு. வண்டில குறை எங்க இருக்குன்னு எப்படித்தான் கண்டுபிடிக்கிறது?"

ஆசான் கையைக் கழுவினார். "உரத்தை ஏத்துங்க. மலைக்குப் போவோம். பாய், நீங்களும் ஏறுங்க."

"நான் எதுக்கு?"

"பாரத்துக்குத்தான். நீங்க ரெண்டு மூட்டை கணக்கு."

ஆசானே ஓட்டினார். சுயம்பு நடுவில், நான் ஓரத்தில். அடிவாரம் தாண்டி முக்கால் மணி நேரம் ஏறியிருப்போம். நல்ல வெயில். மூன்றாவது வளைவில் ஒரு சத்தமும் இல்லாமல் என்ஜின் செத்தது. முன்னறிவிப்பு எதுவும் கிடையாது. ஆசானின் வலது கால் ஆக்சிலேட்டரில் இருந்ததை நான் என் கண்ணால் பார்த்தேன். வண்டி ஒரு முழம் பின்னால் போனது. யா அல்லா! ஆசான் பிரேக்கை மிதித்து, ஹேண்ட் பிரேக்கை இழுத்து, "பாய், கல்லு" என்றார். குதித்து இறங்கி இரண்டு சக்கரத்துக்கும் கல் வைத்தேன்.

சுயம்பு ஸ்பானர் பையைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஓடினார்.

"அண்ணாச்சி, பையை எடுத்த இடத்துல வைங்க."

"ஆசானே, இப்பம் பாத்தாத்தானே..."

"வைங்க."

வைத்தார். ஆசான் ரோட்டோரம் போய் ஒரு அருகம்புல்லைப் பிடுங்கிக்கொண்டு வந்தார். பானெட்டைத் திறந்தார். புல்லைக் காயிலின் கழுத்தில் ஒரு சுற்றுச் சுற்றி முடிச்சுப் போட்டார். "கொஞ்ச நேரம் உக்காருவோம்" என்றார்.

நானும் சுயம்புவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். வெயிலில் ஆசானுக்கு ஏதாவது ஆகிவிட்டதோ என்றுகூட நினைத்தேன். பலா மரத்து நிழலில் உட்கார்ந்தோம். அரை மணி நேரம் போயிற்று. ஆசான் தண்ணீர் குடித்தார், தங்கச்சி வீட்டுக் கல்யாணச் சாப்பாட்டைப் பற்றிப் பேசினார். பிறகு எழுந்து, "போய் செல்ஃப் அடிங்க அண்ணாச்சி" என்றார்.

சுயம்பு அடித்தார். பிடித்துக்கொண்டது.

"புல்லு நல்லா வேலை செய்யுது" என்றார் ஆசான்.

சுயம்பு ஸ்டீயரிங்கைப் பிடித்தபடி அப்படியே இருந்தார். முகத்தில் ரத்தம் இல்லை.

"காயிலை மாத்த எனக்கு அரை மணி நேரம் ஆச்சு" என்றார் மெல்ல.

"கண்டன்சருக்கு?"

"அதுக்கும் அவ்வளவுதான். முதல்ல ஆளு வந்து சொல்லி, நான் பஸ் பிடிச்சு மேல வந்து..." பேச்சு அறுந்தது. "ஆறினதும் அதுவா பிடிச்சிருக்கு. ஆசானே, நான் ஒண்ணையும் சரி பண்ணலையா?"

"நகருங்க. இன்னும் கொஞ்சம் போவோம்."

கொஞ்சம்தான் போனோம். கால் மணி நேரத்தில் மறுபடி செத்தது. இந்தத் தடவை ஆசான் ஒரு நொடி வீணாக்கவில்லை. "கல்லு பாய். அண்ணாச்சி, டெஸ்ட் லேம்ப்பை எடுங்க. சூடு ஆறக்கூடாது."

டெஸ்ட் லேம்ப் என்பது ஒன்றுமில்லை. ஒரு சின்ன பல்பு, ஒரு பக்கம் வயர், ஒரு பக்கம் ஊசிமுனை. வயரில் குத்தினால் கரண்ட் இருந்தால் எரியும். ஆசான் சாவியை ஆன் பண்ணி வைத்தார். சுயம்பு காயிலில் தொட்டார்.

எரியவில்லை.

"ஒர்க்‌ஷாப்புல எத்தனையோ தடவை தொட்டேன் ஆசானே. எப்பமும் எரிஞ்சுது!"

"அங்க ஆறிப்போய்க் கெடந்தது. வயரோட பின்னால வாங்க."

சுயம்பு காயிலிலிருந்து சாவிப் பக்கமாக வயரைப் பிடித்துக்கொண்டே பின்னால் வந்தார். ஒரு சாண் தள்ளிக் குத்தினார். இருட்டு. இன்னொரு சாண். இருட்டு. சைலன்சர் பைப்புக்கு மேலே வயர் வளைந்து போகிற இடத்தில் கறுப்பு டேப் சுற்றிய ஒரு ஜாயிண்ட் இருந்தது. டேப்பின் நுனியில் சிவப்பு நூல் கட்டியிருந்தது. சுயம்பு அதைத் தாண்டி அந்தப் பக்கம் குத்தினார்.

பல்பு பளிச்சென்று எரிந்தது.

இந்தப் பக்கம் குத்தினார். இருட்டு. அந்தப் பக்கம் வெளிச்சம். நடுவில் அந்தச் சிவப்பு நூல்.

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. அந்த நூலை எனக்கே தெரியும். கனகபாய் ஒர்க்‌ஷாப்பின் வழக்கம் அது. ஆசான் தன் கையால் போட்ட ஜாயிண்ட் என்றால் டேப்பின் மேல் சிவப்பு நூல் கட்டிவிடுவார். அதற்குமேல் அதை யாரும் பிரிக்க வேண்டியதில்லை. வேலைக்கு வருகிறவர்களுக்கு முதல் நாளே சொல்லித் தருவார்கள்.

சுயம்பு பல்பை நூலின் மேலேயே பிடித்திருந்தார். அவர் நிமிர்ந்து பார்க்கவே இல்லை.

"இது யாரு சுத்தினது அண்ணாச்சி?" என்று கேட்டார் ஆசான்.

சுயம்பு பல்பை எடுத்துப் பையில் போடப் போனார்.

"கேக்கேன்ல்லா?"

"நீங்க."

"இதுக்கு முன்னால இதைப் பாத்தீங்களா?"

"எல்லாத் தடவையும் பாத்தேன் ஆசானே. ஒரு தடவை கையையும் வச்சேன். நூல் கெடந்துது. எடுத்துட்டேன்."

"ஏன்?"

"நீங்க போட்டது தப்பா இருக்குமா?"

ஆசான் பிளேடை வாங்கினார். நூலை அறுத்தார். டேப்பை உரித்தார். உள்ளே இரண்டு வயரும் சும்மா முறுக்கியிருந்தன. மேலே ஈயம் உருக்கி வைத்துப் பற்றவைக்கவில்லை. முறுக்கு கறுத்துப்போய், பச்சை பூத்து, தொட்டதும் பொடிப்பொடியாக உதிர்ந்தது. ஆசான் அந்தப் பொடியைத் தன் உள்ளங்கையில் வாங்கிக்கொண்டு நின்றார். அவருடைய முகத்தை அப்படி நான் பார்த்ததே இல்லை. அடி வாங்கின முகம்.

"மூணு வருஷத்துக்கு முன்னால எலி கடிச்சுதுன்னு கொண்டுவந்தாங்க. முதலாளி அவசரப்படுத்தினாரு. இப்ப முறுக்கி விடுவோம், நாளைக்கு ஈயம் வைப்போம்னு நெனச்சேன்" என்றார். "அந்த நாளை வரவே இல்ல. நூலை மட்டும் கட்டிட்டேன்."

சூட்டில் விரியும்போது தொடர்பு விட்டுப்போயிருக்கிறது. ஆறினால் சேர்ந்திருக்கிறது. மழை நாளில் சூடே ஏறவில்லை. இவ்வளவுதான் விஷயம். இதற்கா அந்த ஆட்டம்!

சுயம்பு அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டார்.

"மழைதான் ஓட்டியிருக்கு. நான் டிரைவரை மாத்தினதால ஓடுதுன்னு நெனச்சேன். ஆசானே, யேசடிமை பொய் சொல்லல. அதுவா அணைஞ்சுதுன்னு அந்த மனுசன் அழுதாரே! அதுவாத்தான் அணைஞ்சிருக்கு!"

ஆசான் வயரைச் சுரண்டிப் புதிதாக முறுக்கி, கீழே போய்ச் சேரும்வரை தாங்கினால் போதும் என்று கட்டினார். உரத்தை எஸ்டேட்டில் இறக்கிவிட்டுத் திரும்பினோம்.

ஒர்க்‌ஷாப்பில் ஆசான் அந்த வயரைப் புதிதாகப் போட்டு, ஈயம் வைத்தார். நூல் கட்டவில்லை. பிறகு, "நீங்க மாத்தினதை எல்லாம் கழட்டுங்க. பழசை மாட்டுங்க" என்றார்.

சுயம்பு பழைய சாமான்களைத் தூக்கிப் போடுகிறவர் இல்லை. ஒவ்வொன்றையும் பேப்பரில் சுற்றித் தேதி எழுதி வைத்திருந்தார். பிரித்துப் பிரித்து மாட்டினார். மறுநாள் காலையில் அந்தப் பழைய சாமான்களோடு, அதே பாரத்தோடு, அதே வெயிலில் மலை ஏறி எஸ்டேட் கேட்டைத் தொட்டுவிட்டு வந்தோம். வண்டி ஒரு இருமல்கூட இருமவில்லை.

"கழட்டினதெல்லாம் மாட்டியாச்சா?" என்று கேட்டார் ஆசான்.

"மாட்டியாச்சு ஆசானே. நாலும்."

"அஞ்சு."

சுயம்பு மேசையைப் பார்த்தார். காலிப் பேப்பர்களைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். எனக்குப் புரிந்துவிட்டது, ஆனால் நான் யார் சொல்வதற்கு? கொஞ்ச நேரத்தில் அவருக்கும் புரிந்தது. "யேசடிமை" என்று தலையில் கையை வைத்துக்கொண்டார்.

ஆசான் எங்களையும் அந்த வண்டியிலேயே கூட்டிக்கொண்டு முதலில் முதலாளி வீட்டுக்குப் போய், சாவியை ஒப்படைத்து, நடந்ததைச் சொன்னார். தன் ஜாயிண்ட் என்று முதலில் சொன்னார், சுயம்புவின் பேச்சு என்று அப்புறம் சொன்னார். முதலாளி நாற்காலியை விட்டு எழுந்துவிட்டார். "அடப் பாவிகளா! நான் ஒங்களை நம்பித்தானே அந்த ஆளை நிறுத்தினேன்!" என்று கத்திவிட்டு, யேசடிமையிடம் கொடுக்கச் சொல்லிச் சாவியைத் திருப்பி நீட்டினார். அதை வாங்கிக்கொண்டு அதே வண்டியில் மூவரும் யேசடிமை வீட்டுக்குப் போனோம்.

வண்டிச் சத்தம் கேட்டு அவர் வெளியே வந்தார். நான் என்ன எதிர்பார்த்தேன் என்றால், ஏசுவார், மண்ணள்ளித் தூற்றுவார், வாங்கிக்கொள்வோம் என்று நினைத்தேன். அவர் வாசல்படியில் கையை ஊன்றி, இடது காலை இழுத்து இழுத்து நடந்து வந்தார். முழங்காலுக்குக் கீழே எண்ணெயில் ஊறிய துணி சுற்றியிருந்தது.

மூன்று வாரத்துக்கு முன்னால் என் கடைக்கு நன்றாக நடந்து வந்த மனுஷன்!

"காலுக்கு என்ன?" என்றார் சுயம்பு.

"அதான் அண்ணாச்சி, நீங்க கண்டுபிடிச்சது. முதல்ல எனக்குத் தெரியல பாத்துக்கிடுங்க. அப்புறம் கவனிச்சுப் பாத்தா நெசம்தான். மிதிக்கணும்னு நெனச்சா ஒரு நொடி பிந்துது. நாகர்கோவில்ல டாக்டர்கிட்ட காட்டினேன். ஒண்ணும் இல்லைன்னுட்டாரு. அவருக்கு என்ன தெரியும்? சைக்கிளையும் வித்துட்டேன். யாரு மேலயாவது ஏத்திட்டா?"

ஆசான் அவரிடம் எல்லாவற்றையும் சொன்னார். எலி கடித்தது, முறுக்கினது, ஈயம் வைக்காதது, நூல், மழை. ஒன்றையும் குறைக்கவில்லை. யேசடிமை கவனமாகக் கேட்டார். கேட்டுவிட்டுச் சிரித்தார்.

"நீங்க எனக்காகச் சொல்றீங்க ஆசானே. நல்ல மனசு. ஆனா அண்ணாச்சி பாத்துத்தானே சொன்னாரு? வெளிநாட்டுல வேலை பாத்தவரு. அவருக்குத் தெரியாதா?"

சுயம்பு அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். "நான் பாக்கவே இல்ல யேசடிமை. சத்தியமா நான் ஒம்ம காலைப் பாக்கவே இல்ல. வாய்க்கு வந்ததைச் சொன்னேன்."

"விடுங்க அண்ணாச்சி. எனக்கே தெரியுதுல்லா" என்று யேசடிமை அவருக்கு ஆறுதல் சொன்னார். சொல்லிக்கொண்டே குனிந்து தன் இடது காலைப் பார்த்தார், அது ஏதோ பண்ணிவிடப் போகிறது என்கிற மாதிரி.

சுயம்பு ஆசானிடம் திரும்பினார். கண்ணில் தண்ணீர் நின்றது.

"வயரைப் பிரிச்சுக் கட்டிட்டீங்க ஆசானே. இதை நான் எங்கே பிரிக்க? எப்படிக் கட்ட?"

ஆசான் சாவியை யேசடிமையின் கையில் வைத்து மூடினார். அவர் வேண்டாம் என்று கையை இழுத்துக்கொள்ளப் பார்த்தார், ஆசான் விடவில்லை. தோளைப் பிடித்துக் கூட்டிப்போய் டிரைவர் சீட்டில் உட்கார வைத்தார். யேசடிமை சாவியைப் போட்டார். என்ஜின் பிடித்தது. அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்க்கவில்லை, குனிந்து கிளச்சின் மேல் இருந்த தன் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்.

ஆசான் அந்தப் பக்கத்துக் கதவைத் திறந்து பிடித்தார்.

"ஏறிப் பக்கத்துல உக்காருங்க அண்ணாச்சி. நாளைக்கும் உக்காருங்க. நாளக்கழிச்சும்."

"எத்தனை நாளைக்கு ஆசானே?"

"அவரு காலைப் பாக்கிறதை விட்டுட்டு ரோட்டைப் பாக்கிற வரைக்கும்."